தண்ணி என்றால் தண்ணி மட்டுமா?

தருமபுரி,
ஆடி 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டுவலி, உட்கார முடியவில்லை என்று சாக்குச் சொல்லலாம். உண்மையில் சோம்பல்தான். ஆடிப் பதினெட்டுக்குப் பேரன்களைக் கூட்டிக்கொண்டு ஒகேனக்கல் போனோம். ஆற்றில் வெள்ளம். பரிசலும் ஓடவில்லை, குளிக்கவும் விடவில்லை. கரையில் உட்கார்ந்து மீன் வறுவலைத் தின்றுவிட்டு, காவிரியை ஒரு கும்பிடு போட்டுத் திரும்பிவிட்டோம்.

உன் பேத்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். "தாத்தா, வேலைக்காரர் தண்ணி காட்டிட்டுப் போயிட்டார்னு பாட்டி சொல்றாங்க, எந்தத் தண்ணியைக் காட்டினார்?" நீ பதில் தெரியாமல் முழித்ததாக எழுதியிருக்கிறாய். மாடு மேய்த்தவன் நீயே முழித்தால் எப்படி? உழுதுவிட்டு வந்த மாட்டைத் தொட்டிக்கு ஓட்டிப்போய் 'தண்ணி காட்டிட்டு வா' என்று உன் அப்பா தினமும் கத்துவாரே, அதுதான். அது எப்படி ஏமாற்றுவதற்கு ஆகி வந்தது என்றால், என் யூகத்தைச் சொல்கிறேன்: கையில் பிடிபடாமல் ஓடுகிற மாட்டுக்கு முன்னால் கழுநீர்ச் சட்டியை நீட்டி ஆசை காட்டுவோமே, அந்த வகையில் வந்திருக்கும். மெஸ் பில்லுக்காக விடுதிக் காப்பாளருக்கு நீ மூன்று மாதம் காட்டிய தண்ணி எந்த வகை என்று நீயே பேத்திக்கு விளக்கு.

யோசித்துப் பார்த்தால் தண்ணீர் என்ற சொல்லே வேடிக்கைதான். தண் என்றால் குளிர்ச்சி. தண்மையான நீர் தண்ணீர். அப்படியானால் சுடுதண்ணி என்ன? சூடான குளிர்ந்த நீர்! வெந்நீர் என்று ஒழுங்கான சொல் இருந்தும் என் வீட்டில் தினமும் காலையில் "சுடுதண்ணி வெச்சாச்சா?" என்றுதான் கேட்கிறேன்.

'தண்ணி தெளிச்சு விட்டாச்சு' ஞாபகம் இருக்கிறதா? எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்று உன் அப்பா நம் இருவரையும் பார்த்துச் சொன்னது. மாரியம்மன் கோயிலில் கிடாய் மேல் தண்ணி தெளிப்பார்கள், அது உடம்பை உதறினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு நாமும் தலையை உதறிவிட்டு நேரே மேட்னி ஷோவுக்குப் போனோம்.

இனி பெரிய தண்ணிக்கு வருகிறேன். என் மகளைப் பெண் பார்க்க வந்த கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் எட்டரைக்கே வந்துவிட்டார்கள். நான் தெருமுனை அடிபம்பில் இருந்தேன். திண்ணையில் இருந்த என் தம்பி மகளிடம், அப்போது ஆறு வயது, "பெரியப்பா எங்கேம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். "தண்ணி அடிக்கப் போயிருக்கார்" என்றாள். மாப்பிள்ளையின் தாய்மாமா, "காலையிலேயா?" என்றார். "தினமும் காலையில ரெண்டு குடம், சாயந்தரம் ரெண்டு. இன்னிக்கு நீங்க வர்றதால இப்பவே நாலு." நான் ஈர வேட்டியோடு இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று தள்ளாடித் தள்ளாடி வந்து நின்றபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தத் தாய்மாமா மட்டும் மெல்லக் கிட்டே வந்து என் வாயருகே மோந்து பார்த்தார். கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றும் சம்பந்தி வீட்டு விசேஷங்களில் என் பெயர் 'நாலு குடம்'.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சொல் இவ்வளவு விளையாட்டுக் காட்டக் காரணம் உண்டு. 'தண்ணி இல்லாத காட்டுக்கு மாத்திடுவேன்' என்று அதிகாரிகள் மிரட்டும்போது ராமநாதபுரத்துக்கு அடுத்து நம்மைத்தானே சொல்வார்கள்! 1965இல் சேலத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. நம் கணக்கு வாத்தியார் தஞ்சாவூரிலிருந்து அப்படித்தான் வந்தார். முதல் நாள் கிணற்றுத் தண்ணியை வாயில் வைத்துவிட்டு, "இதுக்குப் பேர் தண்ணியா?" என்று துப்பினார். அப்புறம் பென்னாகரம் பக்கத்திலேயே வீடு கட்டி, இங்கேயே ரிடையர் ஆனார். கடைசி வரை ஊர் திரும்பவில்லை.

அவர் துப்பியதிலும் தப்பில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் ஆகாது. நம் பக்கத்துப் போர்வெல்கள் பலவற்றில் அதைத் தாண்டித்தான் இருந்தது. பல் உருவாகிற வயதில் அதைக் குடித்ததால்தானே உன் முன்பல்லில் அந்தக் காவிக்கோடு! திருச்சியில் பல் டாக்டர் "பாக்குப் போடுவீங்களா?" என்று கேட்டதற்கு "இல்லைங்க, தருமபுரி" என்றாயே, அதை இங்கே இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

இப்போது நிலைமை பரவாயில்லை. ஜப்பான் கடனுதவியில் போட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியதிலிருந்து நமக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணி குழாயில் வருகிறது. என் பேரன்கள் பல்லெல்லாம் முல்லைப்பூ. எங்கள் தெருவுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறைதான், அதுவும் விடியற்காலையில். தெருமுனை அடிபம்பு துருப்பிடித்துக் கிடக்கிறது. அதன் கைப்பிடியில் யாரோ ஆட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

புரட்டாசியில் வருவதாக எழுதியிருக்கிறாய். தேதியை முன்னாலேயே சொல், தண்ணி வாங்கி வைக்கிறேன். இருபது லிட்டர் கேனைச் சொல்கிறேன். தங்கச்சி இந்தக் கடிதத்தைப் படிக்கும் என்பதால் இந்த வரியை அவளுக்குச் சத்தமாகவே படித்துக் காட்டிவிடு.

உன்,
நாலு குடம்