அனுபவத்தை ரூபாயில் அளக்காதீர்கள்: செபிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செபி தலைவர் அவர்களுக்கும் முழுநேர உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதல் ஷேரை 1992-இல் வாங்கினேன். ஹர்ஷத் மேத்தா ஊழல் வெடித்த வருஷம் அது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் உங்களுக்கு நாடாளுமன்றம் சட்ட அதிகாரம் கொடுத்ததும் அதே வருஷம்தான். சர்டிபிகேட்டை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிப் பெயர் மாற்றிக்கொண்ட காலத்திலிருந்து இந்தச் சந்தையில் இருக்கிறேன்.

இந்த மடல் என் அக்காவுக்காக. பெரியம்மா மகள், வயது 63. பொள்ளாச்சிப் பக்கம் இருந்த தென்னந்தோப்பில் ஒரு பகுதி நால்வழிச் சாலைக்குப் போனது. இழப்பீடாக ஒன்றே கால் கோடிக்குக் கொஞ்சம் மேல் வந்தது. மாமா போய் ஆறு வருஷமாகிறது. கணக்கில் பணம் ஏறிய பத்தாம் நாள் வங்கியிலிருந்து ஒரு ரிலேஷன்ஷிப் மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் போனபோது திண்ணையில் கெட்டியான புத்தகம் ஒன்று கிடந்தது. நூறு பக்கத்துக்கு மேல், அத்தனையும் ஆங்கிலம். கையெழுத்து வாங்கிய இடங்களில் மட்டும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. “எஃப்.டி. மாதிரிதான் தம்பி, வட்டி மட்டும் கூட வருமாம்” என்றார் அக்கா.

அவர் கையெழுத்துப் போட்டிருந்தது இரண்டாம் வகை ஏ.ஐ.எஃப். ஒன்றில், அதாவது பெரிய தொகை போடுபவர்களிடம் பணம் திரட்டும் மாற்று முதலீட்டு ஃபண்டு ஒன்றில். வங்கிக் கடன் எளிதில் கிடைக்காத கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கும் பிரைவேட் கிரெடிட் ஃபண்டு. அதைத் தவறான தொழில் என்று நான் சொல்லவில்லை. கட்டிமுடிக்காத அடுக்குமாடிக்கும், குடும்பக் கம்பெனியின் பங்கு அடமானத்துக்கும் கடன் கொடுத்து, நல்ல வட்டி வாங்கி, ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்த ஃபண்டுகளும் உண்டு. ஆனால் அதில் பணம் போடுகிறவருக்கு அடமானம் என்ன, யாருக்கு முதல் உரிமை, கட்டாமல் போனால் வசூலிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

2012-இல் நீங்கள் போட்ட ஏ.ஐ.எஃப். விதிகள் நுழைவுக்கு ஒரு கோடி என்று வைத்தன. விவரம் தெரிந்தவர்தான் அவ்வளவு பெரிய தொகை போடுவார் என்ற கணக்கு. 2020-இல் பி.எம்.எஸ்ஸுக்கு (ஒருவரின் முதலீட்டைத் தனியாக நிர்வகித்துக் கொடுக்கும் சேவை) 25 லட்சத்தை 50 லட்சமாக்கியதும் அதே கணக்கில்தான். எங்கள் பக்கத்தில் அது பொருந்தவில்லை. சாலைக்கு நிலம் கொடுத்தவர், தோட்டத்தைச் சைட் போட்டு விற்றவர், கணவனின் இன்சூரன்ஸ் பணம் வாங்கியவர் எல்லோரிடமும் கோடி இருக்கிறது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வந்த கோடி அது.

அக்காவுக்கு யாருமே சொல்லாத ஒன்றை இங்கே விரிவாகச் சொல்கிறேன். ஒரு கோடிக்கு ஒப்பந்தம் போட்டாலும் ஃபண்டு மொத்தத்தையும் உடனே வாங்குவதில்லை. முதலில் 25 லட்சம் வாங்கினார்கள். மீதி 75 லட்சத்தை எப்போது கேட்டாலும் கொடுக்கும்படி தயாராக வைத்திருக்க வேண்டும். பதினாறு சதவீதம் வருமானம் என்று தாளில் போட்டிருப்பது வாங்கிய பணத்துக்கு மட்டும். மீதி ஆறரை சதவீதத்தில் வங்கியில் கிடந்தால், முதல் வருஷம் அந்த ஒரு கோடிக்கு மொத்தமாக வருவது, வரிக்கு முன்பே, ஒன்பது சதவீதத்தைக்கூடத் தொடாது. பல ஃபண்டுகளில் நிர்வாகக் கட்டணம் ஒப்புக்கொண்ட முழு ஒரு கோடிக்கும் போடப்படுகிறது. இதைக் கணக்குப் போட எனக்கு ஒரு பேனாவும் கால் மணி நேரமும் போதும். அக்காவுக்கு இது எப்படித் தெரியும்?

இரண்டாவது தவணை கேட்டு வந்தது ஒரு மின்னஞ்சல். அந்த முகவரி மகன் திறந்து கொடுத்தது. அக்கா அதைப் பார்ப்பதே கிடையாது. இடையில் கையில் மீதி இருந்ததில் பெரும்பகுதியை மகளின் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். மேனேஜர் போன் செய்தபோது கெடுவுக்கு நான்கு நாள் பாக்கி. தவறினால் தண்ட வட்டி. மேலும் தவறினால் போட்ட யூனிட்டுகளுக்கே ஆபத்து என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நகையை அடகு வைத்தோம். வங்கியின் நகைக்கடன் கவுண்டரில் அக்கா ஒவ்வொரு நகையாகக் கழற்றி வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இனி என் பக்கம். முப்பது வருஷமாகப் பேலன்ஸ் ஷீட் படிக்கிறேன். விலை ஏறும் என்றும் இறங்கும் என்றும் இரண்டு பக்கமும் முதலீடு செய்யும் லாங்-ஷார்ட் ஃபண்டு எப்படி இயங்கும், மூன்றாம் வகை ஏ.ஐ.எஃப்.பில் கடன் வாங்கி முதலீடு செய்வதற்கு என்ன வரம்பு, வரி எங்கே பிடிப்பார்கள் என்பதெல்லாம் தெரியும். என் சேமிப்பில் பத்து லட்சத்தை இப்படி ஒன்றில் வைக்க ஆசை. 2021-இல் நீங்கள் கொண்டுவந்த அக்ரெடிட்டட் இன்வெஸ்டர் (சான்று பெற்ற முதலீட்டாளர்) தகுதி இருந்தால் ஒரு கோடி வரம்பு கிடையாது. ஆனால் அந்தத் தகுதிக்கு வருஷ வருமானம் 2 கோடி, அல்லது சொத்து மதிப்பு ஏழரைக் கோடி, அல்லது 1 கோடி வருமானத்தோடு 5 கோடி சொத்து வேண்டும். அங்கேயும் அளவுகோல் பணம்தான். 2025 ஏப்ரலில் எஸ்.ஐ.எஃப். (மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்கள் நடத்தும் சிறப்பு முதலீட்டு ஃபண்டு) வந்து பத்து லட்சத்துக்குக் கதவைத் திறந்தது. அதற்கு மனதார நன்றி. அதை விற்பவர் உங்கள் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்கிறீர்கள். வாங்குபவருக்கும் அந்த வழியைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அமெரிக்காவில் 2020-இல் இதைச் செய்தார்கள். வருமானம், சொத்து வரம்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட தொழில்முறைத் தேர்வு உரிமம் உள்ளவர்களையும் தகுதியுள்ளவர்களாக ஏற்றார்கள். இங்கே அதற்கு வேண்டியது எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கிறது. தேர்வு நடத்த என்.ஐ.எஸ்.எம். இருக்கிறது. ஒருவர் எத்தனை வருஷமாக என்னென்ன வைத்திருக்கிறார் என்பது ஷேர்களை மின்னணுக் கணக்கில் வைத்திருக்கும் டெபாசிட்டரிகளிடம் பதிவாகியிருக்கிறது. தேர்வில் தேறி, பல வருஷ டீமேட் வரலாறும் உள்ளவரை, அவருடைய நிதிச் சொத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் அனுமதியுங்கள். தவறினால் அந்தப் பத்தில் ஒன்றுதான் போகும்.

இப்படி அனுமதித்தால் ஆபத்தாகுமோ என்று தயங்காதீர்கள். எஃப் அண்ட் ஓ எனும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் போனது என்று உங்கள் ஆய்வே சொன்னது. அங்கே நுழைய எந்தத் தேர்வும் கிடையாது.

அக்கா மாதிரி ஆட்களுக்குக் கேட்பது வேறு. 2023-இல் ஏ.ஐ.எஃப். விற்பனைக் கமிஷனை நெறிப்படுத்தினீர்கள். மூன்றாம் வகையில் முன்கூட்டிய கமிஷனே கூடாது, மற்ற இரண்டு வகைகளில் மொத்தக் கமிஷனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்கூட்டித் தரக் கூடாது என்பது நல்ல காரியம். அதே கையோடு இரண்டே பக்கத் தாள் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள், தமிழில். பணம் எத்தனை தவணையில் கேட்பார்கள், எத்தனை நாள் கெடு, தவறினால் என்ன, எந்தத் தொகைக்குக் கட்டணம், எந்த வருஷம் திரும்ப வரும் என்று அதில் இருக்கட்டும். மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதலீட்டாளர்கள் ஒப்புக்கொண்டால் ஃபண்டின் ஆயுளை இன்னும் இரண்டு வருஷம் நீட்டலாம் என்பதும் இருக்கட்டும். ஒரு கோடி போட்டவரின் ஓட்டு அதில் எவ்வளவு எடுபடும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசி வாங்கினால் திருப்பிக் கொடுக்க முப்பது நாள் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய் பிரீமியத்துக்கு இருக்கிற அந்த அவகாசத்தை, முதல் தடவை ஒரு கோடிக்குக் கையெழுத்துப் போடுகிறவருக்கும் கொடுங்கள்.

இன்னும் ஐம்பது லட்சம் பாக்கி இருக்கிறது. அதற்கான மின்னஞ்சல் இனி என் முகவரிக்கே வரும்படி மாற்றியிருக்கிறோம். தினமும் காலையில் போன் செய்து, “இன்னைக்கு ஏதாச்சும் வந்துச்சா தம்பி?” என்று கேட்கிறார் அக்கா.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர்,
கோயம்புத்தூர்