கைதுச் செய்திக்குக் கீழே நாலு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பத்திரிகையைத் திறந்தால் அடிக்கடி கண்ணில் படுகிற செய்தி ஒன்று: 'ஐஸ் போதைப்பொருளுடன் இளைஞன் கைது.' எத்தனை மில்லிகிராம், எந்தப் பொலிஸ் பிரிவு, எந்த நீதவான் முன்னிலை எல்லாம் விபரமாக இருக்கும். முகத்தை மங்கலாக்கி ஒரு படமும் போடுவீர்கள். போட்டிருக்கிற சேட்டையும் பின்னால் தெரிகிற மதிலையும் பார்த்தே ஆள் யாரென்று ஊர் கண்டுபிடித்துவிடும். அதை வாசிக்கிற தாய்மார் சிலருடைய வீட்டிலும் அதே வயதில் ஒரு பொடியன் இருக்கிறான். வாயைத் திறந்தால் நாளைக்கு என் பிள்ளையின் படமும் வரும் என்பதுதான் அந்தச் செய்தியிலிருந்து அவர்களுக்குக் கிடைக்கிற ஒரே தகவல்.

நான் ஓய்வுபெற்ற தாதி. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் வேலை செய்தவள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற தாய் நேரே விசயத்துக்கு வரமாட்டாள். "மிஸி, என்ட மகனுக்கு நித்திரையே வருதில்ல, சாப்பாடும் இல்ல, ஒருக்காப் பாருங்க" என்பாள். டொக்டர் பொடியனிடம் கேட்கிற கேள்விக்கெல்லாம் குறுக்கே விழுந்து அவளே பதில் சொல்வாள். அவன் நிலத்தைப் பார்த்தபடி கால் பெருவிரலால் செருப்பு வாரை நெம்பிக்கொண்டிருப்பான். ஏதாவது சாட்டுச் சொல்லித் தாயை வெளியே அனுப்பினால் உண்மை வரும், அதுவும் பாதிதான். வரிசை வாசல்வரை நிற்கிற வெளிநோயாளர் பிரிவில் மற்றப் பாதிக்குக் காத்திருக்க யாருக்கு நேரம்? விற்றமின் குளுசையோடு இருவரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அப்புறம் நேர்த்தி வைப்பார்கள், நூல் கட்டுவார்கள். "கட்டாருக்கு அனுப்பினாத் திருந்திடுவான்" என்று தாய்மாமன் ஒருவர் சொல்வார். கலியாணம் கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று பெண் பார்க்கிறவர்களும் உண்டு. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தாளோ! நேர்த்தியை நான் குறை சொல்லவில்லை. மண்டூர் முருகனுக்கு நானும் நேர்த்தி வைக்கிறவள்தான். நேர்த்தியை வைத்துவிட்டுக் கிளினிக்குக்கும் போனால் அவர் கோபிக்கப் போவதில்லை.

வைத்தியசாலைக்குப் போக ஏன் பயம் என்றால், போனால் பொலிஸுக்குத் தெரிந்துவிடும், பொலிஸுக்குத் தெரிந்தால் கந்தக்காட்டுப் புனர்வாழ்வு முகாம்தான் என்கிறார்கள். அந்தப் பயத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 2009க்குப் பிறகு முன்னாள் போராளிகளைப் பொறுப்பெடுத்த அதே புனர்வாழ்வுப் பணியகம்தான் கந்தக்காட்டையும் நடத்தியது. 2022 ஜூனில் அங்கே நடந்த மோதலில் ஒருவர் இறந்ததும் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும் எல்லாரும் வாசித்த செய்தி. கூட்டிக்கொண்டு போன பிள்ளை திரும்பி வருமா என்று வாசலில் நின்று பார்த்த சனம் இது. ஆனால் நீதிமன்றம் அனுப்புவது ஒரு வழி, தானாகப் போய்ச் சிகிச்சை கேட்பது வேறு வழி. போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்திலேயே இரண்டுக்கும் இடமிருக்கிறது. மருந்து கேட்டு வந்தவனைப் பிடித்துக் கொடுப்பது வைத்தியசாலையின் வேலையல்ல. என் சேவைக்காலத்தில் அப்படி ஒன்று நடந்து நான் காணவில்லை.

இன்னொரு வழியையும் பார்த்திருக்கிறேன். அறைக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். "ரெண்டு கிழமை பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தாப் போதும்" என்பார்கள். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விபரமாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இதில் உயிர் போகலாம். நாள்தோறும் கசிப்போ சாராயமோ நிறையக் குடித்து வந்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். போதைக்காகக் குளுசை போடுகிற சிலருக்கும் சடாரென்று விட்டால் வலிப்பு வரும். இவர்களை வாட்டில் வைத்து மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஐஸ் எடுத்தவன் நாள்கணக்கில் தூங்குவான், எழும்பினால் அகோரமாகச் சாப்பிடுவான். 'தெளிஞ்சிட்டான்' என்று வீட்டார் நிம்மதியடைகிற அந்த நாட்களில்தான் மனம் அடியோடு சோர்ந்து, சாக வேண்டும் என்ற எண்ணம் வரக்கூடும். தனியே விடக்கூடாது.

தூள், அதாவது ஹெரோயின், எடுத்தவனுக்கு மூக்கால் வழியும், வயிற்றால் போகும், எலும்பெல்லாம் நோகும். பெரும்பாலும் ஒரு கிழமையில் அது தணிந்துவிடும். ஆபத்து அதற்குப் பிறகுதான். உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பூட்டு திறந்ததும் நேரே கூட்டாளியிடம் போய் முந்திய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். யாராவது எழுப்பியும் எழும்பாமல் கிடந்தால் பொலிஸ் வருமே என்று யோசிக்காமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. வரும்வரை ஆளைப் பக்கவாட்டில் சரித்துக் கிடத்துங்கள். வாயில் தேசிக்காய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஒருமுறை விட்டுவிட்டுத் திரும்பவும் தொடங்கினால் 'இனி ஏலாது' என்று கைவிடுகிறார்கள். சீனி வருத்தக்காரருக்குச் சீனி ஏறினால் கிளினிக்கை நிறுத்திவிடுகிறோமா என்ன? திரும்பக் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும்.

பாடசாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பையில் மாவா என்கிற பாக்கு, புகையிலைக் கலவைப் பைக்கற் பிடிபட்டால் சில இடங்களில் தகப்பனை அழைத்து விடுகைப் பத்திரத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பாடசாலையின் பெயர் காப்பாற்றப்பட்டது, சரி. காலையிலிருந்து மாலைவரை வேலையில்லாத பதினைந்து வயதுப் பொடியனை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று அதிபர்மாருக்குத் தெரியாதா? ஜூன் 26 வந்தால் சர்வதேச போதைப்பொருள் எதிர்ப்புத் தினம் என்று அதே பிள்ளைகளை வெயிலில் பதாகையோடு நடத்துகிறார்கள். 27ஆம் திகதி உதவி கேட்டு எங்கே போவது என்று அந்தப் பதாகையில் எழுதியிருந்து நான் பார்த்ததில்லை.

பெரியவர்களும் லேசுப்பட்டவர்களில்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவும் சிகரட்டும் விற்கக்கூடாது என்பது 2006ஆம் ஆண்டிலிருந்து சட்டம். ஆனால் கடைக்குப் போய்ச் சிகரட் வாங்கி வரச் சொல்கிறவர் தகப்பன். கிரிக்கெட்டில் வென்றால் கழகத்துப் பொடியன்களுக்குப் பியர் எடுத்துக் கொடுக்கிறவர் ஊரில் மதிப்பான அண்ணன். "பியர் ஒரு சாமானா?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. கைதுச் செய்தி போடும்போதெல்லாம் அதற்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி கட்டி நாலு வரி போடுங்கள். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. மனம் சோர்ந்து கிடக்கிறவர்களுக்குத் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் சிறுவர் உதவி இலக்கம் 1929. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர் பக்கத்து ஆதார வைத்தியசாலையில் கேட்டால் கிளினிக் எந்த நாள் என்று சொல்வார்கள். 'பைத்திய வாட்டு' என்று பெயர் வைத்து அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருப்பது எங்கள் ஆட்கள்தான். அதுவும் கூச்சமென்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். காணி அலுவலாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டே போகலாம்!

தங்கிச் சிகிச்சை பெற வேண்டிய பிள்ளைகளுக்குத்தான் பெரும் கஷ்டம். சபையின் பழைய நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ என்று எங்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. அங்கே அனுப்ப நினைக்கிறவர்கள் தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள். மனம் திறந்து பேசுவதுதான் அங்கே மருந்தில் பாதி. விளங்காத மொழியில் அது நடக்காது. கிழக்கிலே தமிழில் நடக்கிற ஒரு நிலையம் வேண்டுமென்று உங்கள் ஆசிரியர் தலையங்கத்தில் எழுதினால், தேர்தல் காலத்தில் படுவான்கரைக்கு வருகிறவர்களிடம் அந்தக் கடதாசியை நீட்டிக் கேட்க எங்களுக்கும் வசதியாக இருக்கும்.

பெயரையும் பாடசாலையையும் போடாமல் விடுவதற்கும் படத்தைத் தவிர்ப்பதற்கும் செலவில்லை. கடிதம் நீண்டுவிட்டது, இடமில்லையென்றால் என் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், இலக்கங்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி