ரஜூலாவை விட்டு இழுவைப் படகைக் கட்டும் காரணம்

பந்திங்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்தாய். வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். தங்கச்சி சொல்வதைக் கேட்டு நட. முழங்கால் விஷயத்தில் அவசரம் கூடாது.

இங்கே எல்லாரும் நலம். நாம் பிறந்த ரப்பர்த் தோட்டத்து லயங்கள் (வரிசை வீடுகள்) இருந்த இடத்தில் இப்போது செம்பனை மட்டுமே நிற்கிறது. கோயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். திருவிழாவுக்குக் கிள்ளான், ஷா ஆலாம் என்று எங்கெங்கோ போனவர்கள் எல்லாம் வந்துவிடுகிறார்கள்.

துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுக்கும் இழுவைப் படகின் சிறு மாதிரியை நான் கட்டுவதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "கட்டுவதுதான் கட்டுகிறாய், நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் ஏறி மலாயா வந்த ரஜூலாக் கப்பலைக் கட்டக் கூடாதா? இழுவைப் படகை யார் பார்ப்பார்கள்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் கட்டுவது 32-இல் ஒரு பங்கு அளவு. 28 மீட்டர் நீளமுள்ள இழுவைப் படகு இந்தக் கணக்கில் 87 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு. ஒருவர் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போகலாம். ரஜூலா நானூறு அடிக்கு மேற்பட்ட கப்பல். இதே அளவில் கட்டினால் பன்னிரண்டு அடியைத் தாண்டும், வீட்டுக் கூடம் கொள்ளாது. சரி, இன்னும் சிறிதாகக் கட்டலாமே என்பாய். அங்கேதான் சிக்கல். கப்பலைச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. நீளம் 32 மடங்கு குறையும்போது எடை 32,768 மடங்கு குறைகிறது. 500 டன் படகு 15 கிலோவாகிவிடும். 15 கிலோ இருந்தால் சிற்றலையில் கனமாக, நிதானமாக மிதக்கும். இரண்டடி ரஜூலா காற்றடித்தால் தக்கைபோல் துள்ளும். ஆயிரக்கணக்கானோரைச் சுமந்து வந்த கப்பலை அப்படிப் பார்க்க எனக்கு மனம் வராது. அதைக் கண்ணாடிப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். எனக்கு வேண்டியது வேலை செய்யும் படகு.

வேகத்திலும் ஒரு கணக்கு உண்டு. வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1870-களிலேயே தொட்டியில் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்துக் கண்டது: மாதிரியின் அலை உண்மைக் கப்பலின் அலையைப்போலவே எழ வேண்டுமானால், வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 12 நாட் (மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் இழுவைப் படகு என் அளவில் நொடிக்கு ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். ஆற அமர நடக்கும் மனிதனின் வேகம் அவ்வளவுதான். இங்கே இளைஞர்கள் சிலர் வானொலி அலையால் இயக்கும் படகை அம்பாக விடுகிறார்கள். அது அவர்கள் விருப்பம். என் படகு மெல்லப் போகும்போது அணியத்தில் (முன்முனையில்) மீசைபோல் அலை பிரிகிறது. கிள்ளான் துறைமுகத்தில் அத்தனை வருடம் நான் பார்த்த அதே அலை.

கட்டிய விதம் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். ஏராவும் (அடிமரம்) வங்குகளும் (விலா எலும்புபோன்ற சட்டங்கள்) பிளைவுட். மேலே போர்த்தியது ஜெலுத்தோங் பலகை. ஒரு காலத்தில் சூயிங்கத்துக்குப் பால் எடுத்தார்களே, அந்த மரம். லேசானது, இழை நேராக ஓடும், கத்திக்கு அடங்கும். வெளிப்புறம் கண்ணாடி இழைத் துணியை ஈபாக்சிப் பசையில் தோய்த்து ஒட்டினேன்.

அமரத்தில் (பின்முனையில்) இரண்டு பித்தளைப் புரொப்பெல்லர்கள், ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றும். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். லுட்விக் கோர்ட் என்ற ஜெர்மானியர் 1930-களில் கொண்டுவந்த அமைப்பு. மெதுவாகப் போகும்போது இழுவிசையைக் கூட்டித் தரும். வளையத்துக்கும் இறக்கை நுனிக்கும் நடுவில் மெல்லிய இடைவெளிதான் இருக்க வேண்டும். அதற்காகத் தேய்த்துத் தேய்த்தே விரல் நுனி மரத்துவிட்டது. மோட்டார்களைத் தனித்தனியாக ஓட்டலாம். ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று வைத்தால் நின்ற இடத்திலேயே திரும்பும். தண்டு போகும் குழாய் முழுக்க கிரீஸ் நிரப்பியிருக்கிறேன். அதுதான் தண்ணீரைத் தடுக்கிறது. மோட்டாரும் தண்டும் ஒரே நேர்கோட்டில் வர, பசை காயும்வரை இணைப்பு மூட்டுக்குப் பதிலாக விறைப்பான குழாய்த் துண்டைச் செருகி வைக்க வேண்டும். கோணல் இருந்தால் சத்தம் போடும், பேட்டரியைத் தின்னும்.

ஈய அமிலப் பேட்டரிதான் போட்டேன். மகன் லித்தியம் வாங்கித் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். எப்படியும் 15 கிலோ வர வேண்டும். அந்தக் கனத்தை ஏராவுக்குப் பக்கத்தில் பேட்டரியே தந்துவிடுகிறது. மிச்சத்துக்கு மீன்பிடி ஈயக் குண்டு. கட்டளை அலையை வாங்கும் ரிசீவரை மட்டும் மேலே, மாலுமி அறைக்குள் வைத்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது. தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும்படி அமைத்திருக்கிறேன்.

டயர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பக்கவாட்டில் தொங்கும் டயர்களைக் கடையில் பிளாஸ்டிக்காக வாங்கலாம். நம் ஊரில் அதை வாங்குவதா? அம்மோனியா கலந்த ரப்பர் பாலில் கறுப்புச் சாயம் சேர்த்து, பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றினேன். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்சப் பால் ஓரத்திலிருந்து தோலாகப் படிகிறது. வேண்டிய தடிமன் வந்ததும் மீதியைக் கவிழ்த்துவிட்டு, காய்ந்த பிறகு உரித்தெடுக்க வேண்டும். மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை நாம் உரிப்போமே, அதே இழுவை, விடும்போது அதே சத்தம். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பால்மரம் சீவுவதை அவள் நேரில் பார்த்ததில்லை. உளியை எப்படிப் பிடிப்போம், கோட்டை எப்படிச் சரிவாக இழுப்போம் என்று ஒரு மதியம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மிக முக்கியமானது இழுவைக் கயிறு மாட்டும் கொக்கி. அது அமரத்தின் ஓரத்தில் இருக்கக் கூடாது. நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் கயிறு இறுகியிருக்கும்போதும் சுக்கான் படகைத் திருப்பும். ஆனால் அதே காரணத்தால் இழுக்கப்படும் கப்பல் முந்திப் போய்க் கயிறு பக்கவாட்டில் இழுத்துவிட்டால் படகு குப்புறக் கவிழும். இழுவைப் படகுக்காரன் எவனும் அஞ்சுவது இதற்குத்தான். அதனால் உண்மைப் படகில் கொக்கியை நொடியில் விடுவிக்க வழி இருக்கும். என் படகிலும் ஒரு சிறிய சர்வோ (கட்டளைக்கு அசையும் குட்டி மோட்டார்) கொக்கியின் முள்ளை இழுத்தால் கயிறு கழன்றுவிடும். வெளியே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தால் போதும்.

கயிற்றைக் குளக்கரை மரத்தில் கட்டி, நடுவே மீன் தராசைக் கோத்து இழுவையை அளந்தேன். 50 டன் இழுக்கும் படகு இந்த அளவில் ஒன்றரைக் கிலோ இழுத்தால் கணக்குச் சரி. தராசு முள் அதைத் தாண்டியது. பிறகு ஒரு வெற்றுச் சம்பானை (தட்டையான மரப் படகை) கட்டிவிட்டேன். முதலில் அசையவில்லை. கயிறு விறைத்து நீர் சொட்டியது, அமரம் தாழ்ந்தது, அப்புறம் சம்பான் மெல்ல நகரத் தொடங்கியது. முத்து, ரஜூலாவை நான் மதிக்கிறேன். ஆனால் தன்னைவிடப் பெரியதை இழுத்துக் கரை சேர்ப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் படகுதான்.

இனி உன் உதவி வேண்டும். தளத்தில் கயிறு கட்டும் தூண்கள் பித்தளையில் எட்டு தேவை. குறுக்களவு 9 மில்லிமீட்டர், உயரம் 25, தலை மட்டும் சற்று அகலமாக. நீ லேத் முன்னால் நிற்க வேண்டாம். மகனை நிற்க வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடு. தீபாவளிக்குள் கிடைத்தால் போதும். அப்போது கூலிமிலிருந்து குடும்பத்தோடு நீயே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. குளக்கரை சரிவானது, கைத்தடியை மறக்காதே.

அன்புடன்,
கண்ணன்