பழியை என் மேல் போட்டுவிடு

அன்புள்ள மகளுக்கு,

நான்கு நாளாகிறது. பயணம் போவதா வேண்டாமா என்று குடும்பக் குழுவில் தம்பி கேட்டான், அப்பா இரண்டு தடவை கேட்டார், உன் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போனார். அது போகலாம் என்கிற கட்டைவிரலா, பார்த்தேன் என்கிற கட்டைவிரலா என்று நானும் அப்பாவும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியாகிவிட்டது. நீ படித்துவிட்டாய் என்று ப்ளூ டிக் காட்டுகிறது. ஏன் பதில் போடவில்லை என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறார். அதனால்தான் கடிதம்.

அப்பா பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டார். கிளம்ப இன்னும் 36 நாள் இருக்கிறது. இப்போதே அதைத் துடைத்து, சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்த முடியையும் நூலையும் குண்டூசியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஐந்து நிமிஷம் ஆகிற மனிதர். எல்லோரும் ஒரே வீட்டில் சேர்ந்து தூங்கி ஆறு வருஷம் ஆயிற்று என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார், சக்கரத்தைத் துடைப்பார். அவரிடம் போய் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பிக்கும் வரவில்லை. நீ பேசாமல் இருப்பதற்கும் அதுதான் காரணமென்றால் சரி.

நாம் போவதாக இருக்கிற ஊரில் தட்டம்மை பரவுகிறது என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னது மருமகள்தான். ஏழு மாதக் குழந்தையை வைத்திருப்பவள், அவள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்? டாக்டரிடமும் கேட்டுவிட்டாள். பரவுகிற இடத்துக்குப் போவதாக இருந்தால் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முன்கூட்டியே ஒரு ஊசி போடலாமாம், கிளம்புவதற்கு இரண்டு வாரமாவது முன்னால். ஆனால் அது கணக்கில் சேராது, வழக்கமான இரண்டு தவணையையும் பிறகு போட்டாக வேண்டும். அவ்வளவு சின்ன வயதில் போட்டால் உடம்பு அதை முழுசாகப் பிடித்துக்கொள்ளாதாம். தம்பி இதை ‘அப்போ பிரச்சினை தீர்ந்தது’ என்று எடுத்துக்கொண்டான். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. உன்னை மாதிரிதான்.

அப்பாவின் கட்சி உனக்குத் தெரியாததா! ‘எவ்வளவு பெரிய ஊர், எங்கேயோ சில பேருக்கு அம்மை போட்டிருக்கிறது, நமக்கென்ன. யாருக்காவது இருந்தால் பார்த்தாலே தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம்.’ பார்த்தால் தெரியாது என்று நான் படித்துக் காட்டினேன். தடிப்பு வெளியே தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அது மற்றவர்களுக்குப் பரவுகிறது. அப்போது சாதாரணச் சளி, இருமல் மாதிரிதான் இருக்கும். இருமியவர் எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறையின் காற்றில் கிருமி நிற்கும். தடுப்பு இல்லாத பத்துப் பேர் அவர் கூட இருந்தால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். யாரைப் பார்த்து, எங்கே ஒதுங்குவது? விமான நிலையத்தில் ஒதுங்கவா?

‘2020-ல் இதைவிடப் பெரியதையே பார்த்துவிட்டோம்’ என்றார் அடுத்து. அந்த வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை என்றது, மார்ச் 11-இல் பெருந்தொற்று என்றது. நடுவில் இருந்த ஆறு வாரமும் உங்கள் அப்பா சொல்லிக்கொண்டிருந்தது ‘ஒன்றும் ஆகாது’ என்கிற இதே வார்த்தையைத்தான். ஞாபகப்படுத்தினேன். பெட்டியின் இன்னொரு சக்கரத்துக்குப் போய்விட்டார்.

‘இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, அதற்குள் அடங்கிவிடும், பொறுத்துப் பார்ப்போம்’ என்கிறான் தம்பி. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கணக்குப் போட்டேன். தட்டம்மைப் பரவல் முடிந்தது என்று அறிவிக்க, கடைசி நோயாளிக்குப் பிறகு 42 நாள் புதிதாக யாருக்கும் வராமல் இருக்க வேண்டும். நமக்கு இருப்பது 36 நாள். இன்றைக்கே கடைசி ஆளுக்கு வந்து அதோடு நின்றுபோனாலும், நாம் விமானம் ஏறுகிற அன்று அங்கே யாரும் முடிந்தது என்று சொல்லியிருக்க முடியாது. நேற்றுகூடப் புதிதாக வந்திருக்கிறது என்றுதான் செய்தி. ஆக, பொறுத்துப் பார்ப்பதில் நமக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. பொறுத்தால் போவது பணம் மட்டும்தான். அந்தக் கடற்கரை வீட்டுக்குக் கட்டிய முன்பணம், 30 நாளைக்கு முன்னால் சொன்னால் முழுசாகத் திரும்பும், அப்புறம் பாதிதான் என்று நீதான் அந்த அட்டவணையில் சிவப்பில் போட்டு வைத்திருக்கிறாய். இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

அந்த அட்டவணையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். யாருக்கு எந்த அறை, அப்பாவின் முழங்காலுக்காகக் குளியலறை ஒட்டிய அறை, குழந்தை தூங்குகிற நேரம் பார்த்து வண்டி, மழை வந்தால் என்ன செய்வது என்று தனியாக ஒரு பக்கம். பக்கத்து வீட்டில் காட்டினேன். என் மகள் போட்டது என்றேன். அப்பாவின் முழங்கால்வரை யோசிக்கத் தெரிந்த பெண்ணுக்கு அம்மாவின் போனை எடுக்க மட்டும் நேரம் கிடைப்பதில்லை. சரி, விடு.

தம்பி இன்சூரன்ஸ் எடுக்கலாமா என்று பார்த்தான். பரவல் செய்தியில் வந்த பிறகு எடுக்கிற பாலிசியில், அந்தக் காரணத்துக்காக ரத்து செய்தால் பொதுவாகப் பணம் வராதாம். தெரிந்துபோன ஆபத்து என்று ஒதுக்கிவிடுவார்கள். பயமாக இருக்கிறது, அதனால் போகவில்லை என்பதும் அவர்கள் பட்டியலில் ஒரு காரணமே இல்லை. விமானக் கம்பெனியே ரத்து செய்தால் பணம் திரும்பும், நாமாக ரத்து செய்தால் வேறு கதை. அதனால் அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா, ‘அவர்கள் ரத்து செய்யட்டும், நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்?’ தட்டம்மைக்காக யார் விமானத்தை நிறுத்துகிறார்கள்? யாராவது ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரட்டும் என்றுதான் இந்த வீட்டில் எல்லோரும் காத்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால் நான் சொல்கிறேன். வேண்டாம். ரத்து செய்துவிடு. எல்லாப் பதிவும் உன் பெயரில் இருக்கிறது, நீ அழுத்தினால்தான் ஆகும். ஏன் என்று யார் கேட்டாலும் அம்மா பயப்படுகிறார், அம்மாவின் தொல்லை தாங்கவில்லை என்று சொல். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அப்பா இரண்டு நாள் பேசமாட்டார், அது எனக்குப் புதுசா? நீ வேறு எந்தக் காரணமும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததற்குப் பிறகு, இனி நானாகச் சொல்கிறவரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்றாய். நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ‘படகுச் சவாரிக்கு என் பெயரைப் போட வேண்டாம்’ என்று நீ எழுதியபோதுகூடக் கேட்கவில்லை, அந்தச் சவாரிக்காகவே அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவள் நீ. அம்மா பகலிலும் தூங்குகிறாள் என்று பேத்தி சொன்னாள், மாப்பிள்ளை சட்டென்று போனை வாங்கிக்கொண்டார். நான் ஒன்றும் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்.

ஆனால் பொதுவாகச் சில விஷயம் சொல்கிறேன், யாருக்காவது உபயோகப்படும். வயிற்றில் குழந்தை இருக்கும்போது தட்டம்மை வந்தால் தாய்க்கு நிமோனியா வரை போகலாம், கரு கலையலாம், குழந்தை நாளுக்கு முன்பே பிறக்கலாம். அந்த நேரத்தில் தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி போடவும் மாட்டார்கள், அதில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமி. போட்டுக்கொண்டால் ஒரு மாதமாவது கழித்துத்தான் கர்ப்பம் தரிக்கலாம் என்பார்கள். அப்படிப்பட்டவர்கள் நோயாளியின் பக்கத்தில் இருந்துவிட்டால் ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்று ஒன்று, தயாராக இருக்கிற எதிர்ப்புப் பொருள், கொடுக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் இருமியவருக்கு அம்மை என்று அந்த ஆறு நாளுக்குள் நமக்கு யார் வந்து சொல்வார்கள்? பரவல் இருக்கிற ஊருக்கு அவர்கள் போகாமல் இருப்பதுதான் ஒரே வழி. உடம்பில் எதிர்ப்பு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எந்த நிலையிலும் எடுக்கலாம், ஒன்றும் செய்யாது. அந்தப் பரிசோதனையை எடு. எதற்கு என்று நான் சொல்லமாட்டேன், எடு.

சொல்லமாட்டேன் என்றேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

பேத்தி பிறப்பதற்கு முன்னால், டாக்டர் கேட்கிறார், எனக்குச் சின்ன வயதில் எல்லா ஊசியும் போட்டிருக்கிறதா அம்மா என்று போனில் கேட்டாய். எல்லாம் போட்டாச்சு, ஒன்று விடவில்லை என்றேன். நீ அதை அப்படியே அவரிடம் சொல்லியிருப்பாய். போன திங்கட்கிழமை உன் பழைய அட்டையை எடுத்தேன், அந்தப் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிப்போயிருந்தது. மெதுவாகப் பிரித்தேன். நான்காக மடித்த மடிப்பில் கிழிந்து, தட்டம்மை என்ற வரி அந்தக் கிழிசலுக்கு மேலேதான் இருக்கிறது. முதல் கட்டத்தில் தேதி, முத்திரை, நீல மையில் கையெழுத்து. இரண்டாவது கட்டத்தில் முத்திரை இல்லை. பென்சிலில் ஒரு தேதி மட்டும் இருக்கிறது, அன்றைக்கு வாருங்கள் என்று அந்த நர்ஸ் எழுதிக் கொடுத்தது.

கூடத்தில் மாட்டியிருக்கிற போட்டோவை இறக்கிப் பின்பக்கம் பார்த்தேன். அலையில் நீ அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கத்துகிற அந்தப் போட்டோ, நம் முதல் பயணம், நான்தான் பின்னால் தேதி எழுதியிருக்கிறேன். பென்சில் தேதிக்கு மறுநாள்.

டிக்கெட் எடுத்தாயிற்று, தள்ளிப்போட்டால் பணம் போய்விடும், ஊசி எங்கே போகிறது, வந்து போட்டுக்கொள்ளலாம் என்றேன். முதல் ஊசிக்கு நீ ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் அழுதது வேறு எனக்குள் இருந்தது, அந்தப் பயணம் ஒரு சாக்காகவும் அமைந்துவிட்டது. வந்தோம். தம்பிக்கு உடம்பு சரியில்லை, அப்பாவுக்கு மாற்றல், வீடு மாறினோம், அட்டை உறைக்குள் போயிற்று. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பாதிப் பொய். நீ அன்று போனில் கேட்டபோது எனக்கு மனசுக்குள் ஒரு தட்டுத் தட்டியது. அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்க, என் பிள்ளைகளுக்கு ஒரு ஊசி தவறியதில்லை என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அது நிஜமாகிவிட்டிருந்தது.

ஒரு தவணை போட்டாலே நூற்றுக்கு 93 பேருக்குப் பாதுகாப்பு, இரண்டு போட்டால் 97. நாலு பேர் வித்தியாசம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் மீதியை எண்ணினேன். அங்கே மூன்று பேர், இங்கே ஏழு பேர். அந்த ஏழில் நீ இருக்க வேண்டும் என்று இல்லை. இருக்கவே மாட்டாய். ஆனாலும் பரிசோதனையை எடு.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று ராத்திரி சொல்கிறேன், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது, அட்டையைப் பற்றி மட்டும். தம்பியுடைய அட்டையையும் பார்த்தேன், அவனுக்கு இரண்டும் இருக்கிறது. உன்னிடம் கோட்டை விட்டதை அவனிடம் சரியாகச் செய்திருக்கிறேன். அதை நினைத்தால் உனக்குக் கோபம் வரும், வரட்டும். கோபத்திலாவது போன் பண்ணு. ஸ்பீக்கரில் போடமாட்டேன்.

பயணம் எங்கே ஓடிப்போகிறது? அப்பாவின் பெட்டி தயாராகத்தான் இருக்கும், இன்னும் ஒரு வருஷத்துக்கு அந்தச் சக்கரத்தில் தூசி நிற்காது.

அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து உனக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன், குழுவில் போடவில்லை. டாக்டரிடம் காட்டு. பென்சில் எழுத்து படத்தில் சரியாக விழவில்லை, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது.

இப்படிக்கு,
அம்மா