கார்டை மாற்றும் முன் கணக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூகுள், ஃபேஸ்புக் விளம்பரங்களுக்குக் கார்டு செல்லவில்லை என்று கேட்டிருந்த வாசகருக்கு, "வங்கிக் கிளையை அணுகவும்" என்று சென்ற இதழில் பதில் தந்திருந்தீர்கள். கிளையில் கேட்டால் கார்டு சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள். அது பொய்யும் இல்லை. கோளாறு பெரும்பாலும் விளம்பரக் கணக்கைத் திறந்த விதத்தில் இருக்கிறது.

கார்டில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவுப்படி, புதிய கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளில் தேய்ப்பதற்கும் மட்டுமே திறந்த நிலையில் வரும். இணையப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் வங்கிச் செயலியில் நாமே தனித்தனியாகத் திறக்க வேண்டும். திறந்துவிட்டு வரம்புத் தொகையைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். உள்நாட்டு ரூபே கார்டு, டாலரில் திறந்த விளம்பரக் கணக்குக்கு எப்படியும் உதவாது.

அதன் பிறகும் செல்லவில்லையென்றால் தானியங்கிக் கட்டண முறையைச் சந்தேகிக்கலாம். விளம்பரச் செலவு ஒரு வரம்பைத் தொட்டதும், அல்லது மாதம் பிறந்ததும், நிறுவனம் தானாகவே கார்டில் பணம் எடுக்கும் முறை இது. இன்று 1,800 ரூபாய், நான்கு நாள் கழித்து 4,300 என்று தொகையும் தேதியும் மாறிக்கொண்டே இருக்கும். 2021 அக்டோபர் முதல் நம் விதி வேறு: திரும்பத் திரும்ப எடுக்கும் பணத்துக்கு ஓடிபி போட்டு முன் அனுமதி பதிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், வரம்பைத் தாண்டினால் மறுபடி ஓடிபி. அந்த வரம்பு அப்போது 5,000 ரூபாயாக இருந்து, 2022 ஜூனில் 15,000 ஆனது. இந்த விதிக்குள் அடங்காத கோரிக்கையை வங்கி திருப்பி அனுப்பிவிடுகிறது.

ஆகவே கணக்கைத் திறக்கும்போதே நாடு இந்தியா, நாணயம் ரூபாய், கட்டண முறை முன்பணம் என்று தேர்ந்தெடுங்கள். யுபிஐ, நெட்பேங்கிங் வழியாக நாமே பணம் ஏற்றலாம், கார்டே வேண்டாம். துபாயில் இருக்கும் மச்சான் திறந்து கொடுத்த டாலர் கணக்கென்றால், கூகுளில் நாணயத்தைப் பிறகு மாற்ற முடியாது, புதிதாகத்தான் திறக்க வேண்டும். பழைய பாக்கியை முதலில் தீர்த்துவிடுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி போக, 1,000 ரூபாய் ஏற்றினால் சுமார் 847 ரூபாய்க்குத்தான் விளம்பரம் ஓடும். கணக்கில் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்தால், பதிவு பெற்ற வணிகர்கள் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம், அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்.

டாலரில் மட்டுமே வாங்கும் தளங்களுக்கு, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்த விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வேண்டும். நாணய மாற்றுக்கு வங்கிகள் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம் வரை பிடிக்கும், அதன்மேல் ஜிஎஸ்டி வேறு.

கார்டு செல்லவில்லை என்று அடுத்தடுத்து நான்கைந்து கார்டுகளைப் போட்டுப் பார்க்காதீர்கள். சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றம் என்று விளம்பரக் கணக்கே முடக்கப்படலாம். டெலிகிராமில் வாடகைக்கு விடும் டாலர் கார்டுகளும் அப்படித்தான்: கார்டில் ஒரு பெயர், கணக்கில் வேறு பெயர். முடங்கினால் ஏற்றிய பணத்தைக் கேட்டு வாங்க உங்கள் பெயரில் ஒரு ரசீதுகூட இருக்காது.

இப்படிக்கு,
விளம்பரக் கணக்குகளைக் கையாளும் வாசகர்,
கோயம்புத்தூர்