மாட்டு லொறிகளை வெயிலில் நிறுத்தி வைப்பதைத் தடுக்கக் கோரும் மனு

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
எமது பகுதிப் பொலிஸ் நிலையம்,
கொழும்பு.

அனுப்புநர்:
கால்வாய்க்கரை ஒழுங்கைவாசிகள்.

மதிப்புக்குரிய ஐயா,

இதே விடயமாக முன்னரும் எழுத்தில் முறையிட்டிருக்கிறோம். நேரில் வந்தும் சொன்னோம். புத்தகத்தில் பதிந்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பதிலும் இல்லை. அதனால்தான் மறுபடியும் தங்களைத் தொந்தரவு செய்கிறோம், மன்னிக்கவும்.

இடத்தைத் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பேஸ்லைன் வீதியிலிருந்து உள்ளே திரும்பி, மரக்காலையைத் தாண்டியதும் கால்வாய்ச் சுவரோரமாக ஒரு நிழலும் இல்லாத வெளி இருக்கிறதே, அதுதான்.

1. மாடு ஏற்றிய லொறிகள் விடியுமுன் வந்து சேர்கின்றன. அநேகமானவை கிழக்கிலிருந்தும் வடமத்தியிலிருந்தும் இரவு முழுதும் ஓடி வருபவை. மட்டக்களப்பிலிருந்து என்றால் 300 கிலோமீற்றருக்கு மேல். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது எண்ணிக்கை இன்னும் கூடும்.

2. வந்த லொறி, வாங்குபவர் வரும்வரை மாடுகளை இறக்காமல் அங்கேயே நிற்கிறது. சில நாட்களில் மாலை வரைக்கும். ஐயா, எங்களால் தாங்க முடியாதது இதுதான். மேலே தறப்பாளை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அது நிழலுக்காக அல்ல, உள்ளே எத்தனை மாடு நிற்கிறது என்று வெளியே தெரியாமல் இருக்க. ஓடும்போதாவது கொஞ்சம் காற்றுப்படும். நின்றுவிட்டால் மாடுகளின் உடற்சூடும் வெயிற்சூடும் சேர்ந்து உள்ளே அப்படியே தேங்கிவிடும். பதினொரு மணிக்கு லொறியின் தகரத்தில் கை வைக்க முடியாது. மூக்கணாங்கயிற்றைக் கட்டையாக இழுத்துக் கம்பியில் கட்டியிருப்பதால் அவற்றால் தலையைத் திருப்பவும் முடியாது, படுக்கவும் முடியாது. வாயைத் திறந்து, நாக்கு வெளியே தள்ளி, நுரை வழிய மூச்சு வாங்குகின்றன. சாணமும் மூத்திரமும் கலந்த பலகையில் ஒன்று வழுக்கி விழுந்தால் மற்றவை அதன் மேல்தான் நிற்க வேண்டும். எழுப்புவதற்கு வாலை முறுக்குகிறார்கள். வெயில் நாளில் ஒரு மாட்டுக்கு 20, 30 லீற்றர் தண்ணீராவது வேண்டும். ஒரு வாளி தண்ணீர் வைத்தவர்களை நாங்கள் கண்டதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் வாளியில் கொண்டுபோனால், "உங்கட வேலையைப் பாருங்க" என்று விரட்டுகிறார்கள். அண்மையில் ஓர் எருமை மாலையில் எழும்பவே இல்லை. கயிற்றை அறுத்து இழுத்துப் போட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தயவுசெய்து அந்த லொறிகளை அங்கே நிற்க விடாதீர்கள்.

3. ஒருமுறை கடமையில் இருந்தவர்கள் வந்தார்கள். பத்திரத்தைக் கேட்டார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். மாடு கொண்டுவர 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். பத்திரம் சரியாகத்தான் இருக்கும். தறப்பாளை ஒருமுறை தூக்கிப் பார்த்திருந்தால் போதுமே! அது ஏன் நடக்கவில்லை?

4. விலங்கைத் தேவையற்ற வேதனை தரும் விதத்தில் கட்டுவதும் ஏற்றிச் செல்வதும் 1907ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். தண்டப்பணம் 100 ரூபாய்தான். அதற்கு இன்று ஒரு செவ்விளநீர்கூட வாங்க முடியாது. புதிய விலங்கு நலச் சட்டமூலம் 2006இலேயே வரையப்பட்டும் பல வருடங்களாக இழுபட்டது. அது தங்கள் கையில் இல்லை, சரி. ஆனால் அந்தப் பழைய சட்டத்திலேயே சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது. ஒரு லொறியின்மீது வழக்குப் போட்டாலே மற்றவர்கள் தண்ணீர் வாளியோடு வருவார்கள் என்று நம்புகிறோம்.

5. இறைச்சி வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. இதை யாரும் மதப் பிரச்சினையாக்கவும் வேண்டாம். கையொப்பமிட்டவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் கத்தோலிக்கரும் சிங்கள அயலவர்களும் உண்டு. இறைச்சிக்கடை வைத்திருப்பவர்களும் உண்டு. அறுக்கும் பிராணிக்கும் இதம் செய்யுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள் என்பது நபிமொழி. எங்கள் ஒழுங்கைப் பெரியவர் ஒருவர் அதைச் சொல்லித்தான் முதலாவதாகக் கையொப்பம் வைத்தார். அப்புறம், வதைபட்டுக் களைத்த மாட்டின் இறைச்சி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் பழுதாகும் என்பது தொழில் செய்பவர்களுக்கே தெரிந்த விடயம். சாப்பிடுவது நாங்கள்தானே ஐயா.

6. நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. மாடுகளோடு லொறி அங்கே நிற்கக்கூடாது. நிற்கத்தான் வேண்டும் என்றால் இறக்கி, நிழலில் கட்டி, தண்ணீர் காட்ட வேண்டும். இறக்கும்போது சரிவுப் பலகை வைக்க வேண்டும். இப்போது மேலிருந்து தள்ளிக் குதிக்க வைக்கிறார்கள், கால் முறிகிறது. காலையில் ஒரு தடவை தங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் வந்து தறப்பாளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மிருக வைத்தியர் ஒருவரையும் கூட்டி வந்தால் இன்னும் நல்லது.

திரும்பத் திரும்பக் கேட்பதற்காகக் கோபிக்க வேண்டாம். இந்த மனுவும் கோப்பில் போய்ப் படுத்துவிட்டால் நாங்கள் வேறு யாரிடம் போவது? நாளைக் காலையிலும் அங்கே லொறி நிற்கும். ஒரு தடவை தாங்களே நேரில் வந்து பாருங்கள். அந்த லொறிகளை வெயிலில் நிற்க விடாதீர்கள் ஐயா. என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதை இந்த முறையாவது எழுத்தில் அறியத் தாருங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கால்வாய்க்கரை ஒழுங்கைவாசிகள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)