ஒரு பழைய வேட்டிக்கும், உங்கள் எல்லோருக்கும்

நம் ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு,

சனிக்கிழமை அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் எங்கள் கல்லூரி பேண்ட் களத்தில் இறங்கிவிட்டது. இடைவேளை நிகழ்ச்சியில் ஒரு பாட்டைக்கூட வெட்டவில்லை. உங்களில் பாதிப்பேர் அங்கேயே இருந்தீர்கள். மீதிப்பேருக்கு வீடியோ வந்திருக்கும். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, கையில் வாத்தியங்களின் வால்வுக்குப் போடும் எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. ஆறப்போட்டால் வேலை, சமையல் என்று இந்த நன்றி தள்ளிக்கொண்டே போய்விடும் என்பதால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் புகுந்த பேண்ட் அறைக்கும் அதிலிருந்த வாத்தியங்களுக்கும் என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் வடிந்த பிறகு எடுத்த படங்களையும் பார்த்தீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்கு மனமில்லை. காப்பீட்டைப் பற்றி வாயைத் திறக்கவே போவதில்லை. கல்லூரிக்கும் பழைய மாணவர்களுக்கும் பெற்றோர் குழுவின் சார்பில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போயாயிற்று. அதில் நம்மவர்கள் எல்லோரும் "உள்ளூர்ச் சமூகத்தினர்" என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிப்போனார்கள். அது எனக்கு ஆறவில்லை. அதனால்தான் இது.

முதலில், ஒரு கேள்விக்குப் பதில். நல்ல எண்ணத்தில்தான் சிலர் கேட்டீர்கள்: "ஒரே ஒரு ஆட்டம், பேண்ட் இல்லாமல் நடந்தால் என்ன குடிமுழுகிவிடும்?" என் பெண் மெலோஃபோன் என்ற பித்தளை ஊதுகருவியைத் தூக்கிக்கொண்டு திரிய ஆரம்பிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் என்றால் பிள்ளைகள் விடியும்போதே பயிற்சித் திடலில் நிற்கிறார்கள். அப்புறம் உடைச் சோதனை, அணிவகுத்து ஸ்டேடியத்துக்கு நடை, ஆட்டத்துக்கு முந்தைய நிகழ்ச்சி, தேசிய கீதம், அணி ஓடிவரும்போது கல்லூரிப் பாட்டு. அதற்குப் பிறகுதான் ஆட்டமே தொடங்குகிறது. அணி டச்டவுன் போட்டுப் புள்ளி எடுத்தால் வாசிக்க வேண்டும், டைம் அவுட் கேட்டால் வாசிக்க வேண்டும், அணி சோர்ந்தால் கட்டாயம் வாசிக்க வேண்டும். அதைவிட முக்கியம், எப்போது நிறுத்த வேண்டும் என்பது. களத்தில் இருக்கும் அணிக்குத் ஆட்டத்தை நடத்தும் வீரரான தன் குவார்ட்டர்பேக் கொடுக்கும் குரல் கேட்காதபடி பேண்ட் சத்தம் போடக்கூடாது என்று கல்லூரி ஃபுட்பால் விதியிலேயே இருக்கிறது. அதனால் இயக்குநரின் ஒரு கண் எப்போதும் பந்தின் மேல்தான். 1982-இல் ஆட்டம் முடிந்துவிட்டதென்று நினைத்து ஸ்டான்ஃபோர்ட் பேண்ட் களத்துக்குள் இறங்கிவிட்டது. எதிரணியான கலிஃபோர்னியாக்காரர் பந்தோடு அவர்கள் நடுவே புகுந்து ஓடி, கடைசியில் ஒரு டிராம்போன்காரர் மேல் மோதி ஜெயித்தார். அவசரப்பட்ட அந்தச் சில நொடிகளை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இடைவேளை 20 நிமிடம். களத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு. ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்கு எட்டுத் தப்படி. தப்படி ஒன்றுக்கு 22.5 அங்குலம், கூடவும் கூடாது குறையவும் கூடாது. அதற்கு நடுவில் ஊதவும் வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எங்கே என்று ஓரக்கண்ணால் பார்க்கவும் வேண்டும். அதிலும் நாம் இருப்பது ஒஹையோ. இங்கே பேண்டை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கொலம்பஸில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக பேண்ட் 1936 முதல் மாநிலத்தின் பெயரை ஆங்கிலத்தில் களத்தில் கூட்டெழுத்தாக நடந்தே எழுதுகிறது. ஐ எழுத்தின் புள்ளியாக, உடம்பைச் சுற்றித் தோளில் மாட்டும் பெரிய பேஸ் வாத்தியமான சூசாஃபோனோடு ஒருவர் போய் நின்று குனிந்து வணங்கும்போது ஸ்டேடியமே ஆர்ப்பரிக்கும். நிலாவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் இந்த மாநிலத்துப் பிள்ளை. பக்கத்து இண்டியானாவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்தபோது அந்தப் பேண்டில் பாரிட்டோன் என்ற பித்தளை வாத்தியம் வாசித்தவர். எங்களுடையது அந்த அளவுக்கெல்லாம் பெரிய கல்லூரி இல்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டால் எங்கள் ஊரும் வாசலுக்கு வந்துவிடும். அது கேட்காமல் போயிருந்தால் என்ன குடிமுழுகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏதோ ஒன்று முழுகியிருக்கும்.

சரி, இப்போது வேட்டிக்கு வருகிறேன்.

நண்பர் வீட்டுக்கு விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பாவை உங்களில் பலர் கோயிலில் பார்த்திருப்பீர்கள். தன் பெயரைப் போடக்கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஐயா என்றே எழுதுகிறேன். திண்டுக்கல் பக்கம். அவர் என்ன வேலை பார்த்தார் என்று நாம் யாரும் கேட்டதில்லை. ஓய்வு பெற்றவர் என்றால் வங்கி, பள்ளிக்கூடம், மின்வாரியம் என்று நாமே ஒன்றை வைத்துக்கொள்கிறோம் அல்லவா? நான் சுத்தம் செய்ய உதவிக்கு ஆள் கேட்டு எல்லோருக்கும் செய்தி அனுப்பிய அன்று மாலை, அவர் மகனோடு வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. ஏதோ பலகாரம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே துவைத்துத் துவைத்து நைந்துபோன ஒரு வேட்டி.

ஐயா ஒரு பேண்டு செட்டில் வாழ்நாள் முழுக்க யூஃபோனியம் என்ற பித்தளை ஊதுகருவி வாசித்தவர். கல்யாண ஊர்வலம், மாதா கோயில் தேர்ப்பவனி, அம்மன் கோயில் திருவிழா, சாவு வீடு, கட்சி ஊர்வலம் எல்லாம். முன்பல் போன பிறகு உதடு நிற்கவில்லை என்று விட்டுவிட்டாராம். சீசன் இல்லாத மாதங்களில் செட்டின் வாத்தியங்களைப் பிரித்துக் கழுவிச் சரிபார்ப்பதும் அவர் பொறுப்பு. இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. "பித்தளை வாத்தியம் தண்ணியிலே கெடாதும்மா, தண்ணி காய்ஞ்சப்புறம் உள்ளே நிக்கிற சேத்துலேதான் கெடும். சீக்கிரம் பிரிக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

நாங்கள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தோம் தெரியுமா? வெளிப்பக்கத்தைப் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் நல்ல யோசனையாக, வீட்டுப் பூஜைச் சாமானுக்குச் செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்க்கலாமா என்றார். ஐயாவுக்கு வந்த கோபத்தை அன்று ஒரு முறைதான் பார்த்தேன். மேலே பூசியிருக்கும் லாக்கர் என்ற மெருகுப் பூச்சு போய்விடும் என்றார். வெந்நீரும் ஆகாது, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புதான் என்றார். இறுகியதைத் திருக இடுக்கியைக் கண்ணில் காட்டவே கூடாது என்றார்.

வேட்டியைக் கிழிக்க ஆரம்பித்தார். புதுத்துணியும் பேப்பர் டவலும் பிசிறு விடும், ஒரு நூல் பிசிறு போதும் வால்வ் நின்றுபோக. பழைய பருத்தியில் பிசிறு இல்லை. முதல் துண்டை மேசையில் விரித்து, ஒரு டிரம்பெட்டின் மூன்று பிஸ்டன்களையும் அவற்றின் ஸ்பிரிங், மூடிகளையும் இலை பரிமாறுகிற ஒழுங்கில் அதது அதனதன் இடத்தில் வைத்தார். ஒவ்வொரு பிஸ்டனிலும் ஒரு எண் இருக்கிறது. ஒன்றை இன்னொன்றின் கூட்டில் போட்டால் காற்றே போகாது. என் பெண் எத்தனையோ வருடமாக வாசிக்கிறாள், நான் அன்றைக்குத்தான் அந்த எண்ணைப் பார்த்தேன். இறுகிப்போன ஸ்லைடு என்ற இழுகுழாய்க்குள் வேட்டித் துண்டை வளையமாக நுழைத்து வெடுக்கென்று ஒரு இழுப்பு. வராத ஒன்றை மரக்கட்டையால் சுற்றிலும் மெதுவாகத் தட்டி, காத்திருந்து, திரும்பத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று, அவர் செய்வதை அப்படியே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. என் பெண் மொழிபெயர்க்கப் போய்க் கொஞ்ச நேரத்தில் தேவையில்லாமல் திரும்பி வந்துவிட்டாள்.

எனக்கு மறக்காதது அவர் வாத்தியத்தைச் சோதித்த விதம். ஊத அவரால் முடியாது. அதனால் பையனை ஊதச் சொல்லி, வால்வை இவர் அழுத்துவார். மூச்சு அவனுடையது, விரல் இவருடையது. எந்த வால்வில் சத்தம் திக்குகிறது என்று உடனே பிடித்துவிடுவார். ஏறி இறங்குகிற ஏதோ ஒரு வரிசையை அவர் விரல் போட, ஊதிக்கொண்டிருந்த பையன் கண்ணை விரித்து, தானே என்ன வாசிக்கிறோம் என்று தெரியாமல் கடைசிவரை போனான். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஐயா கண்டுகொள்ளவில்லை, "இரண்டாவது வால்வுக்கு இன்னும் எண்ணெய்" என்று சொல்லி அடுத்ததை எடுத்துவிட்டார்.

எல்லாவற்றையும் அவர் காப்பாற்றினார் என்று எழுதினால் அவரே கோபித்துக்கொள்வார். கிளாரினெட்டும் சாக்ஸஃபோனும் அவர் தொடவில்லை. அதில் துளைகளை மூடும் பேடு தண்ணீர் பட்டால் ஊதிவிடும், மாற்றியே ஆகவேண்டும் என்று ஒதுக்கிவிட்டார். ஒரு சூசாஃபோனைப் பலமுறை திருப்பிப் புரட்டிச் சேற்றுத் தண்ணீரை வடித்துப் பார்த்துவிட்டு, "இது வராது, கடைக்கு அனுப்பிடுங்க" என்றார். பழுது பார்க்கும் கடையிலிருந்து வந்த தொழில்நுட்பர் பற்றவைப்பு வேலைகளை எல்லாம் எடுத்துக்கொண்டார். அவரும் ஐயாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் அவர் தன் நல்ல விளக்கைத் தூக்கி ஐயாவின் மேசைக்கு நகர்த்தி வைத்ததை நான் பார்த்தேன்.

இப்போது மற்றவர்கள். யாரையும் தனித்தனியாக எழுதவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். இரவுகளில் தோசை மாவைக் கொண்டுவந்து கல்லூரிச் சமையலறையில் சுட்டுக்கொடுத்தவர்கள், சேறு படிந்த உடைகளை உலர்சலவைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பணமும் கொடுத்துவிட்டு ரசீதைக் காட்ட மறுத்தவர்கள், தொப்பி இறகுகளை ஹேர் டிரையரால் காய்வைத்த சின்னப்பிள்ளைகள், டிரம் தோல் மாற்றத் தெரிந்திருந்த அந்தத் தவில் கற்கும் தம்பி, வேனைக் கொடுத்தவர், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாதவர்கள் எல்லோருக்கும் நன்றி. எதிர்த்து ஆட வந்த கல்லூரியின் பேண்ட், தங்கள் உபரி சூசாஃபோன்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தது. களத்தில் பகை, பேண்டுக்குள் பங்காளி. மூன்றாவது குவார்ட்டரில் பேண்டுக்கு ஓய்வு கிடைக்குமே, அப்போது அவர்களுக்கு நம் வீட்டுப் புளியோதரையைக் கொடுத்தோம். புளி அன்று தன் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐயாவை ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனோம். பேரனின் ஜாக்கெட், காதுவரை கம்பளித் தொப்பி. ஆட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. எல்லோரும் பந்தைப் பார்க்க, அவர் பேண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிர் ஏற ஏற ஸ்வரம் இறங்குவதை என்னைவிட முன்னதாகக் கவனித்து, பிள்ளைகள் வாசிக்காத நேரத்தில் வாத்தியத்துக்குள் வெறும் காற்றை ஊதிச் சூடாக்குவதைப் பார்த்துத் தலையாட்டினார். சூசாஃபோன் வரிசையில் ஒரு பெண்ணைக் காட்டி, "பொண்ணுங்களும் பேஸ் தூக்குதா?" என்று கேட்டார். ஒஹையோ ஸ்டேட் பேண்டிலேயே பெண்களைச் சேர்த்தது 1973-இல்தான் என்று என் பெண் சொன்னாள். "எங்க செட்டுல கடைசிவரைக்கும் சேக்கலையே" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் மக நல்லா ஊதுவா" என்றார்.

ஆட்டத்தில் தோற்றுவிட்டோம், நல்ல வித்தியாசத்தில். அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை.

என் பெண்ணுக்கு இன்னும் ஒரு சீசன்தான் இருக்கிறது. அவள் படிப்பு முடிந்து போன பிறகும் நான் தண்ணீர் வண்டி தள்ளும் குழுவில் இருப்பேன் என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் முன்னால் எழுதி வைத்தால் பின்வாங்க முடியாது, அதற்காகவும் எழுதுகிறேன். வாத்தியங்களைச் சீசன் முடிவில் ஒரு நாள் பிரித்துக் கழுவ வேண்டும் என்று ஐயா சொல்லியிருக்கிறார். அவர் அதற்குள் ஊருக்குப் போய்விடுவார். பழைய வேட்டி வைத்திருப்பவர்கள் எடுத்து வையுங்கள். ஜரிகை வேண்டாம்.

அப்புறம், உணவு கொண்டுவந்த பாத்திரங்கள். அடியில் பெயர் வெட்டியிருந்தவை எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன. மீதி என் கராஜில் இருக்கின்றன: இரண்டு இட்லிக் குண்டான், ஒரு பெரிய தூக்கு, மூடி மாறிப்போன டப்பாக்கள் ஏராளம். ஞாயிறு மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காபி போடுகிறேன்.

அன்புடன்,
மெலோஃபோன் வரிசையில் நிற்கும் ஒருத்தியின் அம்மா